பயிற்சிக் கத்தியும் வெண்கட்டித் தடமும்

தற்காப்புக் கலை பழகத் தொடங்கும் மாணவிகள் பலரின் மனதில் எழும் முதற் கேள்வி, "கத்தியோடு ஒருவன் வந்தால் என்ன செய்வது?" என்பதாகும். திரைப்படங்களில் இதற்கு இலகுவான விடை கிடைக்கிறது. கதாநாயகி அவனது கையைப் பிடிக்கிறாள், முறுக்குகிறாள், கத்தி கீழே விழுகிறது. உண்மையிலும் அப்படித்தான் நடக்குமா? இதனைக் கதைத்து முடிவு செய்ய முடியாது. செய்து பார்த்தே அறிய வேண்டும். ஆனால் செய்து பார்ப்பதற்கு உண்மைக் கத்தியை ஒருபோதும் பாவிக்கக் கூடாது. ஆகவே வெட்டாத, குத்தாத, அதேவேளை நம்மை ஏமாற்றாத ஒரு பயிற்சிக் கத்தி நமக்குத் தேவைப்படுகிறது.

அன்பின் மாணவிகளே, அத்தகைய கத்தியொன்றைப் பழைய பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதைச் செய்யும் முறையையும், சோதிக்கும் முறையையும், அதைக் கொண்டு கற்க வேண்டிய பாடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பயிற்சி ஆயுதங்கள் மென்மையான வரலாறு

பயிற்சிக்கென்று வேறாக ஆயுதம் செய்வது பழைய வழக்கம். உரோமப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மரவாள்களால் கம்பமொன்றைத் தாக்கிப் பழகினார்கள் என்றும், அம்மரவாள்கள் உண்மை வாளைப் போல இரு மடங்கு பாரமானவை என்றும் வெஜீஷியஸ் என்ற இலத்தீன் நூலாசிரியர் எழுதியுள்ளார். கம்பத்துக்கு வலிக்காது. ஆனால் எதிரே மனிதர் நின்றால் மரவாளும் எலும்பை முறிக்கும்.

ஜப்பானியர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மரவாளால் பழகும்போது காயம் ஏற்படும் என்ற அச்சத்தில், அடி உடலில் படுவதற்கு முன்பே கையை நிறுத்த வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் மார்புக் கவசமும் முகக் கவசமும் பரவலாகப் பாவனைக்கு வந்தன. இன்று கெண்டோ விளையாட்டில் பாவிக்கப்படும் ஷினாய் எனும் வாள், நான்கு மூங்கிற் பட்டிகளைத் தோலினால் இணைத்துச் செய்யப்படுவது. அடிக்கும்போது பட்டிகள் வளைந்து கொடுக்கும். இதனால் கையை நிறுத்தாமல் முழுமையாக அடித்துப் பழக முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கெஞ்ஜி தொமிக்கி என்ற ஜப்பானியப் பேராசிரியர் அய்க்கிடோ கலையில் போட்டி முறையொன்றை உருவாக்கினார். அதில் ஒருவர் மென்மையான பயிற்சிக் கத்தியால் குத்த முயல்வார், மற்றவர் வெறுங்கையோடு தப்ப முயல்வார். பாதிப் போட்டியில் கத்தி கைமாறும். கத்தி மென்மையாக இருப்பதால் தாக்குபவர் நடிக்க வேண்டியதில்லை.

நமது நாட்டிலும் சிலம்படி, சீனடி, அங்கம்பொர போன்ற கலைகள் உள்ளன. எந்தக் கலையைப் பழகினாலும் இந்த விதி பொருந்தும். கருவி கடினமாக இருந்தால் நம் தோழி நம்மீது இரக்கப்பட்டு மெதுவாகத் தாக்குவாள். அந்த மெதுவான தாக்குதலைத் தடுத்துவிட்டு நாம் வென்றுவிட்டதாக நினைப்போம். மென்மையான கருவியே உண்மையான பயிற்சிக்கு இடம் தருகிறது.

முனையும் அமுக்கமும்

அமுக்கம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறோம். பயிற்சிக் கத்தியை வடிவமைக்க இந்தச் சமன்பாடே போதும்.

காகிதத்தை இறுக்கிச் சுருட்டிக் கூராக்கிய ஒரு முனையின் பரப்பு 0.25 சதுர சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். 50 நியூற்றன் விசையோடு அது உடலில் பட்டால் அமுக்கம் 20 இலட்சம் பஸ்கால் ஆகும். அதே விசையை 5 சென்ரிமீற்றர் அகலமும் 3 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு முனைக்குக் கொடுத்தால், பரப்பு 15 சதுர சென்ரிமீற்றர். முழு முகமும் பட்டால் அமுக்கம் ஏறத்தாழ 33,000 பஸ்கால் மட்டுமே. அறுபதில் ஒரு பங்கு! முனை பஞ்சாக இருந்தால், அது நசுங்கும் நேரத்தில் விசையும் குறைகிறது.

5 சென்ரிமீற்றர் என்ற அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணைச் சூழ்ந்துள்ள எலும்புக் குழியின் வாய் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் அகலமானது. முனை அதைவிட அகலமாக இருந்தால், தவறி முகத்தில் பட்டாலும் எலும்பு விளிம்பில் தடைப்படும். கண்ணுக்குள் புகாது.

முனை மட்டுமல்ல, உள்ளே இருப்பதும் முக்கியம். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வாள்வீச்சு வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் உரோமில் நடந்த உலகப் போட்டியின்போது உயிராபத்தான காயமடைந்து, சில நாட்களில் மரணமானார். எதிராளியின் வாள் முறிந்து, முறிந்த முனை அவரது முகக் கவசத்தைத் துளைத்துச் சென்றது. வாளின் நுனி மொட்டையாகத்தான் இருந்தது. முறிந்தபோதுதான் புதிதாக ஒரு கூர் உண்டானது. அதன் பின்னர் வாள், கவசம், உடை ஆகியவற்றுக்கான விதிகள் இறுக்கமாக்கப்பட்டன. நமக்கு இதிலுள்ள பாடம் இதுதான். பயிற்சிக் கத்தியின் உள்ளே முறியக்கூடிய எதனையும் வைக்கக் கூடாது. ஈர்க்கு, பென்சில், மூங்கிற் குச்சி, பிளாஸ்ரிக் அடிமட்டம், கம்பி எதுவும் வேண்டாம்.

எதனால் செய்யலாம்?

பழைய உடற்பயிற்சி விரிப்பு மிகப் பொருத்தமானது. மின்சாரப் பொருட்கள் வரும் பெட்டிகளில் இருக்கும் வளையக்கூடிய நுரைத் தகடும் நல்லது.

ரெஜிபோம் பொருத்தமற்றது. அது வளையாமல் உடையும். உடைந்த துகள்கள் கண்ணில் விழும். செருப்பு ஒட்டும் பசை பட்டால் அது கரைந்தும் போகும். மரத்தாலான கத்தியையும் ஆரம்பப் பயிற்சிக்குத் தவிர்க்க வேண்டும். பத்திரிகைத் தாளை இறுக்கிச் சுருட்டினால் அது ஒரு பொல்லாக மாறிவிடும் என்பதால் அதுவும் வேண்டாம். சமையலறைக் கத்தியின் விளிம்பில் டேப் சுற்றிப் பழகலாம் என்று எவரேனும் சொன்னால் அதனை ஏற்கவே கூடாது. டேப் கழன்றால் அது மீண்டும் கத்தியே.

செய்முறை

தேவையானவை: 1 சென்ரிமீற்றர் தடிப்புள்ள விரிப்புத் துண்டு, 4 சென்ரிமீற்றர் உயரமான மென்பஞ்சுத் துண்டு, செம்மஞ்சள் அல்லது மஞ்சள் நிறப் பருத்தித் துணி, கைபிடிக்குச் சுற்ற ஒரு துணிப் பட்டி, செருப்பு ஒட்டும் பசை, ஊசி, நூல், கத்தரிக்கோல், அடிமட்டம்.

1. விரிப்பில் 24 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட மூன்று பட்டிகளை வெட்டுங்கள். விரிப்பு மெல்லியதாக இருந்தால் நான்கு, ஐந்து பட்டிகளை அடுக்கி 3 சென்ரிமீற்றர் தடிப்பு வரச் செய்யலாம்.

2. யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒட்டவேண்டிய இரு பக்கங்களிலும் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். ஏறத்தாழ 10 நிமிடங்கள் உலரவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். பசையைக் கட்டியாகப் பூசினால் அது காய்ந்து கடினமாகும். பாரமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வையுங்கள்.

3. ஒரு முனையிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்துக்கு இரு பக்கமும் 0.75 சென்ரிமீற்றர் வீதம் வெட்டி அகற்றுங்கள். இப்போது 3.5 சென்ரிமீற்றர் அகலமான கைபிடி கிடைக்கும். மீதி 14 சென்ரிமீற்றர் அலகு.

4. அலகின் நுனியில் 5 x 3 சென்ரிமீற்றர் அளவுள்ள பஞ்சுத் துண்டை நிறுத்தி ஒட்டுங்கள். இப்போது மொத்த நீளம் 28 சென்ரிமீற்றர். நுனியைக் கூராக்க வேண்டாம். கத்தி போலத் தெரிய வேண்டும் என்ற ஆசையால் நுனியைச் சீவினால் நாம் செய்த கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

5. 22 சென்ரிமீற்றர் நீளமும் 17.5 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள துணியை நீளவாட்டில் இரண்டாக மடித்து, நீளப் பக்கத்தையும் ஒரு முனையையும் தையுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பி உறைபோல அலகில் மாட்டுங்கள். பஞ்சு கழன்றாலும் இவ்வுறை அதைப் பிடித்து வைத்திருக்கும்.

6. உறையின் கீழ் விளிம்பையும் சேர்த்துக் கைபிடியில் துணிப் பட்டியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். குண்டூசி, பின், ஸ்டேப்ளர் கம்பி எதையும் பாவிக்க வேண்டாம். தைத்து முடித்ததும் ஊசி உள்ளே தங்கிவிடவில்லை என்பதை எண்ணிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நிறம் செம்மஞ்சளாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. தூரத்திலிருந்து பார்ப்பவர் எவரும் அதனை உண்மைக் கத்தியென எண்ணிவிடக் கூடாது.

நான்கு சோதனைகள்

முதலாவது, நுனியைச் சுவரில் வைத்துத் தள்ளுங்கள். அது எதிர்ப்பின்றி மடங்க வேண்டும். இரண்டாவது, கண்ணை மூடிக்கொண்டு அலகு முழுவதையும் விரல்களால் அமுக்கிப் பாருங்கள். கட்டியோ கூரோ தட்டுப்பட்டால் பிரித்துத் திருத்துங்கள். மூன்றாவது, உங்கள் தொடையிலேயே பலமாக அடித்துப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் தோழிக்கும் வலிக்கும். நான்காவது, வளைத்து முறுக்கிப் பாருங்கள். ஒட்டிய இடம் பிரிந்தால் அன்று அது பாவனைக்கு உரியதல்ல. இச்சோதனைகளை ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னரும் செய்ய வேண்டும்.

பழகுவதற்கு முன்

பயிற்சி, விடயம் அறிந்த ஓர் ஆசிரியையின் முன்னிலையில் புற்றரையிலோ விரிப்பிலோ நடைபெற வேண்டும். பர்தாவில் குத்தியுள்ள ஊசிகளை அகற்றிவிட்டு, ஊசியில்லாமல் அணியக்கூடிய பர்தாவை அணியுங்கள். இந்தப் பயிற்சியில் கத்தியைவிட ஆபத்தானது அந்த ஊசிதான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி, காப்புக் கண்ணாடி அணியுங்கள். முகமும் கழுத்தும் இலக்கு அல்ல. தோளிலிருந்து இடுப்பு வரையும் கைகளும் மட்டுமே இலக்கு. யாராவது "நிறுத்து!" என்றால் அந்தக் கணமே இருவரும் நிற்க வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம்.

இனி வெண்கட்டி. அலகின் இரு விளிம்புகளிலும் நுனியிலும் வெள்ளை வெண்கட்டியைச் சற்று ஈரமாக்கித் தேயுங்கள். ஈரமாக்கினால் தூசி பறக்காது. ஆஸ்த்மா உள்ளவர்களுக்கு இது அவசியம். தற்காப்பவர் பழைய கறுப்பு நிற நீளக்கை ஆடை அணிந்திருக்க வேண்டும். கத்தி எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் வெள்ளைத் தடம் விழும். யார் வென்றார் என்ற வாக்குவாதத்துக்கு இனி இடமில்லை.

மூன்று பயிற்சிகள்

தூரம்: மைதானத்தில் 6.4 மீற்றர் அளந்து இரு கோடுகள் இடுங்கள். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என நிறுத்தற் கடிகாரத்தால் அளவிடுங்கள். அமெரிக்கப் பொலிஸ் பயிற்றுநரான டெனிஸ் டூலர் இதே 21 அடித் தூரத்தை ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார் எனக் கணித்து 1983இல் எழுதினார். நமது மாணவிகளின் நேரத்தை எழுதி வையுங்கள். "தூரத்தில்தானே நிற்கிறான்" என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது அப்போது விளங்கும்.

பிடித்தல்: கத்தி வைத்திருப்பவரின் கையைப் பிடிக்க மற்றவர் முயல வேண்டும். ஒரு சுற்றுக்கு 10 வினாடிகள். கத்தி வைத்திருப்பவர் திரைப்படத்தில் வருவதுபோல ஒரே ஒருமுறை கையை நீட்டிவிட்டு நிற்கக் கூடாது. உண்மையில் செய்வதுபோல நீட்டியும் இழுத்தும் மீண்டும் மீண்டும் முயல வேண்டும். பின்னர் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

விலகுதல்: இம்முறை பிடிக்க முயல வேண்டாம். ஆறேழு மீற்றர் பின்னால் ஒரு "கதவு" குறித்துக்கொள்ளுங்கள். புத்தகப் பையை இரு கைகளாலும் மார்புக்கு முன்னால் பிடித்தபடி, உரத்த குரலில் உதவி கேட்டுக்கொண்டு, கதவை நோக்கி விலகிச் செல்ல வேண்டும். இடையில் கதிரை, மேசை இருந்தால் அவற்றைச் சுற்றிச் செல்லலாம்.

தடங்கள் சொல்வது

ஒவ்வொரு சுற்றின் பின்னும் தடங்களை எண்ணுங்கள். கொப்பியில் உள்ளங்கை, முன்கை, மேற்கை, உடல் என நான்கு நிரல்கள் வரைந்து பதியுங்கள்.

இரண்டாம் பயிற்சியில் கையைப் பிடித்துவிட்டவரின் ஆடையையும் பாருங்கள். பிடிப்பதற்கு முன்பே அவரது உள்ளங்கையிலும் முன்கையிலும் வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கும். சட்ட மருத்துவத்தில் இவ்விடங்களில் காணப்படும் வெட்டுகளைத் தற்காப்புக் காயங்கள் என்கிறார்கள். தாக்கப்பட்டவர் தன்னைக் காக்கக் கைகளை உயர்த்தியதன் அடையாளம் அவை. கத்தியைப் பறித்தெடுத்தும் கைத் தசைநாண் அறுந்துபோனால் அதை வெற்றி என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் பயிற்சியின் நிரல்களை அருகே வைத்து ஒப்பிடுங்கள். எம்முறையில் தடங்கள் குறைவு என்பதை உங்கள் கொப்பியே சொல்லும்.

இதுதான் இக்கத்தியின் பாடம். கத்தியுள்ளவனிடமிருந்து விலகிச் செல்வது கோழைத்தனம் அல்ல. பணப்பையைக் கேட்டால் தூர எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள். நகையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஓட வழியே இல்லாதபோதுதான் கை பயன்பட வேண்டும். அப்போதும் நோக்கம் கதவை அடைவதே.

வெளியிலும் சட்டத்திலும்

பயிற்சிக் கத்தியைப் பாடசாலை அலுமாரியில் பூட்டி வைப்பதே நல்லது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் பாடசாலை வாசல்களில் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. நுரையால் செய்ததாயினும், கத்தி வடிவிலான ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போவது நமக்கும் பிறருக்கும் வீண் சங்கடத்தைத் தரும். எடுத்துச் செல்லவேண்டி வந்தால் பெற்றாரோ ஆசிரியையோ கொண்டு செல்லட்டும். அம்புகளோடு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ வருபவர், எவருக்கும் காயம் படாதவாறு அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். விளையாட்டுக்காகக்கூட ஒருவரை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்பதும் அப்பாடத்தில் உண்டு. பயிற்சி முடிந்ததும் அந்த ஒழுக்கத்தை நாமும் பேணுவோம்.

பாதுகாப்புக்கென்று உண்மைக் கத்தியைப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம். அது பறிக்கப்பட்டு நமக்கெதிராகவே திரும்பலாம் என்பதை இரண்டாம் பயிற்சி காட்டும். நமது தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமையைப் பற்றிக் கூறுகிறது. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் காப்பதற்குத் தேவையானதைவிட அதிக தீங்கு செய்ய அவ்வுரிமை இடமளிப்பதில்லை. ஆபத்து நீங்கியதும் கையை நிறுத்த வேண்டும்.

சில இலக்கங்களையும் மனனம் செய்துகொள்ளுங்கள். பொலிஸ் அவசர சேவை 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. அம்புலன்ஸ் 1990. எவருக்கேனும் வெட்டுக்காயம் ஏற்பட்டால் சுத்தமான துணியை வைத்துக் கையை எடுக்காமல் இறுக்கி அழுத்துங்கள். கத்தி உடலில் குத்தி நின்றால் அதைப் பிடுங்காமல், அசையாது வைத்து, அம்புலன்ஸை அழையுங்கள்.

எல்லா ஆபத்தும் தெருவில் நிற்கும் அந்நியனிடமிருந்து வருவதில்லை. அறிந்தவர் ஒருவர் மிரட்டினாலும், வீட்டுக்குள்ளேயே அச்சம் இருந்தாலும், தாயிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ மேற்கூறிய இலக்கங்களிலோ சொல்லுங்கள். அப்படிச் சொல்வதும் தற்காப்பே.

அடுத்த தவணை விடுமுறையில் ஒரு பழைய விரிப்பைத் தேடியெடுங்கள். கத்தியைச் செய்யுங்கள், சோதியுங்கள், ஆசிரியையிடம் ஒப்படையுங்கள். தவணை தொடங்கியதும் ஒரு வெண்கட்டியோடும் கொப்பியோடும் மைதானத்துக்கு வாருங்கள். எத்தனை தடம் விழுகிறது என்பதை எண்ணி, குறைத்துக்கொண்டே போவோம்.